பேலட் லோடு சாய்கிறது, சரிகிறது, கன்டெய்னரில் ஏறவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பேலட்டில் (சரக்கை அடுக்கி மொத்தமாகத் தூக்கும் பலகை மேடை) கட்டிய லோடு சாய்ந்தால் பல குடோன்களில் முதலில் வரும் உத்தரவு, "இன்னும் நாலு சுற்று ஃபிலிம் போடு". ஃபிலிம் என்பது லோடைச் சுற்றி இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் தாள். ஃபிலிம் செலவு கூடும். லோடு சாய்வது நிற்காது. ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் ஃபிலிமுக்குள்ளே இருக்கிறது: பெட்டியின் வெளியளவில், அடுக்கிய விதத்தில், பேலட் பலகைகளின் இடைவெளியில். எந்த அறிகுறியானாலும் கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் பேலட், பிறகு அடி அடுக்கு, பிறகு அடுக்கும் முறை. ஃபிலிம் கடைசி.

கணக்குக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 1200 × 1000 மி.மீ. மர பேலட், நான்கு பக்கமும் ஃபோர்க் (தூக்கும் வண்டியின் இரும்புக் கை) நுழையும் வகை, உயரம் 150 மி.மீ. அதன்மேல் 400 × 300 × 300 மி.மீ. ஐந்து பிளை (ஐந்து தாள் அடுக்கு) அட்டைப்பெட்டி. பெட்டி 12 கிலோ. அடுக்குக்கு 10 பெட்டி, ஆறு அடுக்கு. ஆக 60 பெட்டி, 720 கிலோ சரக்கு. குடோனில் ஒரு மாதம் இருந்துவிட்டு, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் லோடு என்று கொள்ளுங்கள்.

ஒரு அடுக்கில் 10 பெட்டி உட்கார்வது இப்படி: 1200 மி.மீ. பக்கத்தில், 300 மி.மீ. முகம் தெரியும்படி ஒரு வரிசைக்கு 4 பெட்டி. அதற்குப் பின்னால், 400 மி.மீ. முகம் தெரியும்படி வரிசைக்கு 3 வீதம் இரண்டு வரிசை. ஆழம் 400 + 300 + 300 = 1000. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வீணில்லை. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

கையில் டேப், தூக்குக்குண்டு, மார்க்கர், மர ஈரமானி இருந்தால் போதும்.

அறிகுறி 1: சில நாளில் லோடு ஒரு பக்கமாகச் சாய்கிறது, அடிப்பெட்டிகள் வயிறு தள்ளுகின்றன

மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பக்கத்தின் அடி அடுக்கைப் பாருங்கள். மூலை மடிந்திருக்கிறதா, பக்கச் சுவர் வெளியே தள்ளியிருக்கிறதா? இருந்தால், லோடு நகர்ந்து சாயவில்லை. அடிப்பெட்டி உட்கார்ந்துவிட்டதால் சாய்ந்திருக்கிறது. இதற்கு ஃபிலிம் மருந்தல்ல.

*முதல் சோதனை: பெட்டி பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா?* அட்டைப்பெட்டி செய்பவரிடம் 400 × 300 என்று சொன்னால், அவர் எடுத்துக்கொள்வது உள்ளளவு. ஐந்து பிளை அட்டையின் தடிமன் சுமார் 7 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்த்து 14. ஆக வெளியளவு 414 × 314. நான்கு பெட்டி வரிசை 1256 மி.மீ. ஆகிவிடுகிறது, பேலட்டுக்கு வெளியே பக்கத்துக்கு 28 மி.மீ. தொங்குகிறது. ஆழத்தில் 414 + 314 + 314 = 1042; அங்கே பக்கத்துக்கு 21.

28 மி.மீ. தானே என்று விடக்கூடாது. ஒரு பெட்டி தாங்கும் பளுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் நான்கு செங்குத்து மூலைகளில்தான் இறங்குகிறது. வெளியே தொங்கும் பெட்டியின் இரண்டு மூலைகளுக்கு அடியில் பலகையே இல்லை. இப்படித் தொங்கினால் பெட்டியின் தாங்குதிறன் 20 முதல் 40 சதவீதம் குறையும் என்பது அட்டைப்பெட்டித் தொழிலில் புழங்கும் கணக்கு. தீர்வு, அடுத்த ஆர்டரிலேயே வெளியளவைச் சொல்லி வாங்குவது: 395 × 295, சரக்கு நிரப்பிய பின் புடைப்பையும் சேர்த்து. உள்ளே வைக்கும் பொருள் அதற்கு ஒத்துவராவிட்டால் அடுக்குக்கு 10 என்ற கணக்கையே விட்டுவிடுங்கள். மூன்று வரிசையையும் 3 ஆக்கினால் அடுக்குக்கு 9. ஆனால் 414 வெளியளவுக்கு 3 × 414 = 1242; அதுவும் பக்கத்துக்கு 21 தொங்கும். பேலட்டுக்குப் பொருந்தாத பெட்டியை எப்படித் திருப்பினாலும் பொருந்தாது.

*இரண்டாவது சோதனை: பலகை இடைவெளி.* அடிப்பெட்டியின் மூலை இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் உட்கார்ந்தால் இன்னொரு 10 முதல் 25 சதவீதம் போகும். விலை குறைந்த பேலட்டில் முதலில் மிச்சம் பிடிப்பது மேல் பலகையில்தான். உடனடி வைத்தியம்: பேலட்டின்மேல் ஒரு தடித்த அட்டை விரித்து அடுக்குவது. சந்து அகலமாக இருந்தால் அட்டையும் குழியும். அந்த பேலட்டை ஒதுக்குங்கள்.

*மூன்றாவது சோதனை: அடுக்கும் முறை.* செங்கல் கட்டுவது போல ஒரு அடுக்கை மாற்றி மாற்றித் திருப்பி அடுக்கினால்தான் லோடு பிடிப்பாக இருக்கும் என்று லோடுமேன்கள் உறுதியாக நம்புகிறார்கள். பிடிப்பு உண்மைதான். ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலையில் உட்காராமல், அதன் மூடியின் நடுவில் உட்கார்கிறது. தாங்குதிறன் 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. மூலைக்கு மூலை நேராகத் தூண்தூணாக அடுக்குவதே பெட்டியின் முழுப் பலத்தையும் பயன்படுத்தும்.

எண்ணில் போட்டுப் பார்க்கலாம். அடிப்பெட்டியின்மேல் 5 பெட்டி, 60 கிலோ. ஒரு மாதம் பளு தாங்கி நின்றால் பெட்டியின் பலம் சுமார் 60 சதவீதமாகிவிடும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் (ஐப்பசி, கார்த்திகையில் கடலோரக் குடோனில் இது சர்வசாதாரணம்) அதில் 68 சதவீதம். பலகைச் சந்துக்கு 80 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 0.33. ஆக, தூண் அடுக்குக்கு ஆய்வகத்தில் குறைந்தது 185 கிலோ தாங்கும் பெட்டி வேண்டும். செங்கல் அடுக்காக்கினால் இன்னொரு பாதி போகும். 370 கிலோ பெட்டி வேண்டும். சரக்கு அதே, உயரம் அதே, பெட்டியின் பலம் மட்டும் இரண்டு மடங்கு. பேலட்டின்மேல் பேலட் ஏற்றினால் அடிப்பெட்டிக்கு 11 பெட்டி, 132 கிலோ, கூடவே மேல் பேலட்டின் எடையும். பெட்டி சப்ளையரிடம் விலை கேட்கும்போது அழுத்தத் தாங்குதிறன் சோதனை மதிப்பையும் கேளுங்கள். பிளை எண்ணிக்கை மட்டும் கேட்டு வாங்குவது போதாது.

தூண் அடுக்கின் குறை, தூண்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக ஆடும் என்பது. அதற்கு நடுவழி உண்டு: கீழ் ஐந்து அடுக்கும் தூண், ஆறாவது அடுக்கை மட்டும் 180 பாகை திருப்பி வையுங்கள். 4-3-3 என்பது 3-3-4 ஆகி, தலையில் பூட்டு விழும். அங்கே பளு இல்லாததால் நஷ்டமும் இல்லை.

அறிகுறி 2: பெட்டி நசுங்கவில்லை, ஆனால் மேல் அடுக்குகள் நகர்ந்துவிடுகின்றன

இப்போதுதான் ஃபிலிமுக்கு முறை. லாரி பிரேக் போட்டதும் லோடு மொத்தமும் பேலட்டை விட்டு வழுக்கியதா, அல்லது மேல் இரண்டு அடுக்கு மட்டும் நகர்ந்ததா என்று பாருங்கள்.

மொத்தமும் வழுக்கியிருந்தால் ஃபிலிம் பேலட்டைப் பிடிக்கவில்லை. பெட்டியோடு பெட்டியைக் கட்டிவிட்டு, மரத்தை விட்டுவிட்டார்கள். அடியில் 3 முதல் 4 சுற்று, அதுவும் பேலட்டின் மேல் பலகைக்குக் கீழே 50 முதல் 70 மி.மீ. இறங்கி வர வேண்டும். அதற்குமேல் இறக்கினால் ஃபோர்க் நுழையும்போது கிழியும். கிழிந்த இடத்திலிருந்து முழுச் சுற்றும் தளரும்.

மேல் அடுக்குகள் மட்டும் என்றால், ஏறும் சுற்றுகளில் ஒன்றின்மேல் ஒன்று பாதி அகலம் படிந்திருக்கிறதா, தலையில் 2 அல்லது 3 சுற்று போட்டு 50 மி.மீ. மேல்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். 

நீட்சியையும் அளந்துவிடலாம். இயந்திரத்தில் ஃபிலிம் உருளையின்மேல் 10 செ.மீ. இடைவெளியில் மார்க்கரால் இரண்டு கோடு போடுங்கள். சுற்றி முடிந்ததும் லோடின்மேல் அந்தக் கோடுகளின் இடைவெளி 30 செ.மீ. இருந்தால் 200 சதவீத நீட்சி. முன்நீட்சி வசதியுள்ள (சுற்றும் முன்பே ஃபிலிமை இழுத்து நீட்டும்) இயந்திரம் 200 முதல் 250 தர வேண்டும். 15 செ.மீ. தான் என்றால் ஃபிலிம் போர்த்தியிருக்கிறதே தவிர இறுக்கவில்லை, ரோலும் வீண். கையால் சுற்றும்போது 50 சதவீதம் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் கைச்சுற்றுக்கு 23 மைக்ரான் போன்ற தடித்த ஃபிலிமும் கூடுதல் சுற்றும் தேவைப்படுகிறது.

பெட்டியின் மேற்பரப்பே வழுவழுப்பாக இருந்தால் (லேமினேட் செய்த அச்சுப் பெட்டிகள் இப்படித்தான்) இரண்டு அடுக்குக்கு ஒரு வழுக்காத் தாள் வையுங்கள். ஃபிலிமைக் கூட்டுவதைவிட மலிவு.

அனுப்பும் முன் சோதிக்க வேண்டுமென்றால், ஒரு லோடைச் சாய்தளத்தில் ஏற்றி 26.6 பாகை சாய்த்துப் பாருங்கள். அந்தக் கோணத்தின் டான்ஜென்ட் 0.5. அதாவது சரக்கின் எடையில் பாதியளவு பக்கவிசை தள்ளும்போது எப்படி நடந்துகொள்ளுமோ, ஏறக்குறைய அப்படி. கீழே ஆள் நிற்கக்கூடாது, லோடைக் கயிற்றால் காப்புக் கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி 3: பெட்டி மூலைகள் மேலும் கீழும் வெட்டுப்பட்டிருக்கின்றன, பட்டை தளர்ந்து தொங்குகிறது

இரண்டும் ஒரே காரணம்தான்: மூலையில் கோண அட்டை வைக்காமல் பட்டையை இறுக்கியிருக்கிறார்கள். பட்டை அட்டையை வெட்டிக்கொண்டு உள்ளே போனதும் இறுக்கம் தானாகப் போய்விடும். நான்கு மூலைக்கும் முழு உயரக் கோண அட்டை, மேல் விளிம்பில் பட்டை திரும்பும் இடத்துக்கும் துண்டு அட்டை. பாலிபுரொப்பிலீன் பட்டை சில மணி நேரத்திலேயே இறுக்கத்தை இழக்கும். நாள் கணக்கில் நிற்கும் லோடுக்கு பெட் (PET, பாலியெஸ்டர்) பட்டைதான் சரி. இரும்புப் பட்டை அட்டைப்பெட்டிக்கு வேண்டாம். லோடு சற்று உட்கார்ந்தாலும் அது கூடவே சுருங்காது.

அறிகுறி 4: ஹேண்ட் பேலட் டிரக்கால் இழுத்ததும் பேலட்டின் அடிப்பலகை பிய்ந்து வருகிறது

ஆணி சரியில்லை என்று பேலட்காரரைத் திட்டும் முன் ஃபோர்க்கின் நீளத்தை அளந்து பாருங்கள். சாதாரண ஹேண்ட் பேலட் டிரக்கின் ஃபோர்க் 1150 மி.மீ.; தாழ்ந்த நிலையில் 85, உயர்த்தினால் 200 மி.மீ. முனையருகே ஒரு சிறு சக்கரம் உண்டு. ஃபோர்க்கை உயர்த்தும்போது அந்தச் சக்கரம் கீழ்நோக்கித் தரையை மிதிக்க வேண்டும். அதற்கு நேர்கீழே அடிப்பலகை இருந்தால் சக்கரம் பலகையை மிதிக்கும். ஃபோர்க் மேல்பலகையைத் தூக்கும். இரண்டும் எதிரெதிராகத் தள்ளி ஆணியைப் பிடுங்கிவிடும்.

1200 மி.மீ. நீளவாக்கில் முழுக்க நுழைந்தால் சக்கரம் வழக்கமாகத் திறந்த இடத்தில் விழும். 1000 மி.மீ. வாக்கில் நுழைந்தால் முனை 150 மி.மீ. வெளியே நீட்டும், சக்கரம் மறுகரைப் பலகையை நெருங்கும், கூடவே பின்னால் நிற்கும் பேலட்டின் விளிம்பையும் தூக்கிவிடும். பேலட் வகைக்கு ஏற்ப எதுவரை நுழைய வேண்டும் என்று ஃபோர்க்கில் மஞ்சள் பெயின்டால் கோடு போடுங்கள். ஓட்டுபவர் மாறினாலும் கோடு மாறாது. மேலும் கீழும் ஒரே மாதிரி பலகை அடித்த, திருப்பிப் போடும் பேலட்டை ஹேண்ட் டிரக்கால் எடுக்கவே கூடாது. அது ஃபோர்க்லிஃப்ட்டுக்கு உரியது.

அறிகுறி 5: ரேக்கில் வைத்த பேலட் நடுவில் தொய்கிறது

பிளாஸ்டிக் பேலட்டுக்கு மூன்று எடை எண்கள் இருக்கும்: தரையில் நிற்கும்போது, ஃபோர்க்கில் போகும்போது, ரேக்கில் இருக்கும்போது. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண். ரேக்குக்கு உரிய மூன்றாவது எண் அதைவிடப் பல மடங்கு குறைவு. கேட்டு எழுதி வாங்குங்கள். மர பேலட் என்றால் அடிப்பலகைகள் ரேக்கின் முன் பீம், பின் பீம் இரண்டையும் குறுக்காகத் தாண்டிக் கிடக்க வேண்டும். பீமுக்கு இணையாக வைத்தால் பளு முழுக்க மேல்பலகையில் தொங்கும். தொய்வது பேலட்டா பீமா என்று சந்தேகம் வந்தால் பீமின் நடுவே நூல் பிடியுங்கள். நீளத்தில் 200-ல் ஒரு பங்கு வரை வளையலாம், 2700 மி.மீ. பீமுக்கு 13.5. லோடை எடுத்த பிறகும் வளைவு நிமிரவில்லையென்றால் அந்தப் பீமை மாற்றியே ஆக வேண்டும்.

அறிகுறி 6: 20 அடி கன்டெய்னரில் 10 பேலட் ஏறும் என்றார்கள், 9 தான் ஏறுகிறது

20 அடி கன்டெய்னரின் உள் நீளம் சுமார் 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். பலரும் செய்வது: இடப்பக்கம் 1200 மி.மீ. குறுக்காக (அதாவது கன்டெய்னரின் அகலவாக்கில்) 5 பேலட், வலப்பக்கம் 1000 மி.மீ. குறுக்காக 4 பேலட். மொத்தம் 9. வலப்பக்கக் கடைசியில் 1.1 மீட்டர் நீள இடம் காலியாக நிற்கும், ஆனால் அதில் பேலட் நுழையாது.

பத்தாவதை ஏற்ற, காற்றாடி அமைப்பு வேண்டும். நான்கு பேலட்டுகளை ஒன்றை ஒன்று துரத்துவதுபோல் 90 பாகை திருப்பித் திருப்பி வைத்தால் 2200 × 2200 மி.மீ. சதுரம் கிடைக்கும், நடுவில் 200 × 200 மி.மீ. ஓட்டை மட்டும் காலி. இப்படி இரண்டு சதுரம், 4400 மி.மீ. நீளத்தில் 8 பேலட். கதவுப் பக்கம் 1000 மி.மீ. குறுக்காக இரண்டை ஒட்டி வையுங்கள், 1200 மி.மீ. நீளம். மொத்தம் 5600, பத்தும் ஏறிவிட்டது, 300 மிச்சம். 40 அடிக்கு (உள் நீளம் சுமார் 12.03 மீட்டர்) ஐந்து சதுரம் 11,000 மி.மீ., 20 பேலட். மிச்சமுள்ள 1030-ல் 1200 குறுக்காக இன்னொன்று. 21.

காற்றாடிக்கு நான்கு பக்கமும் ஃபோர்க் நுழையும் பேலட் கட்டாயம். இரண்டு பக்கம் மட்டும் திறந்த பேலட்டைத் திருப்பி வைத்தால் கதவிலிருந்து எடுக்கவே முடியாது.

இப்போது முதல் அறிகுறிக்கு வாருங்கள். பெட்டி வெளியே தொங்கினால் 1200 × 1000 லோடு 1256 × 1042 ஆகிறது. சதுரத்தின் பக்கம் 2200 அல்ல, 2298. ஐந்து சதுரம் 11,490. மிச்சம் 540 மி.மீ.; இருபத்தொன்றாவது பேலட் துறைமுகத்தில் நிற்கும். பெட்டியை உள்ளளவில் ஆர்டர் செய்ததன் விலை இது.

உயரத்திலும் அதே கதை. 300 மி.மீ. உள்ளுயரப் பெட்டிக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு மடிப்பு, வெளியுயரம் 328. ஏழு அடுக்கு போட்டால் 2100 + 150 = 2250, சாதாரணக் கதவின் 2280-க்குள் போய்விடும் என்று கணக்குப் போட்டவர் கதவருகே காண்பது 2446. ஃபோர்க் தூக்கும் உயரத்தையும் சேருங்கள். ஹைகியூப்பின் (உயரம் கூடிய கன்டெய்னர்) கதவு 2580 மி.மீ. என்பதால் அதில் போகும். இல்லாவிட்டால் ஆறு அடுக்கு, 2118.

ஐரோப்பிய வாங்குபவர் 1200 × 800 பேலட் கேட்டால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டை 1200 குறுக்காக ஒட்டினால் 2400. கன்டெய்னர் அகலம் 2350. அந்த 50 மி.மீ. யாருக்கும் வளைந்து கொடுக்காது.

அறிகுறி 7: கன்டெய்னர் கதவைத் திறந்ததும் லோடு சாய்ந்து விழுகிறது

கட்டும்போது நேராகத்தான் இருந்தது, கடலில் நகர்ந்திருக்கிறது. ஒரே திசையில் உள்ள காலி இடங்களின் கூட்டுத்தொகை 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது கன்டெய்னர் அடுக்குதலுக்கான சர்வதேச நடைமுறை விதி. 2200 மி.மீ. சதுரத்துக்கு அகலத்தில் மிச்சம் 150. சரியாக எல்லையில் நிற்கிறது. 9 பேலட் முறையில் காலி விட்ட 1.1 மீட்டர் இடம் இந்த விதியை அப்பட்டமாக மீறுகிறது. நிரப்பக் காற்றுப்பை போடுங்கள், பெட்டியில் நேரடியாக அழுத்தாமல் இடையே அட்டை வைத்து. கதவுப் பக்கக் கடைசி வரிசைக்குக் குறுக்குக் கட்டை அல்லது வலை வேண்டும். கதவு சரக்கைத் தாங்கும் சுவர் அல்ல.

அறிகுறி 8: சேருமிடத்தில் பூஞ்சை, அல்லது பேலட் முத்திரை இல்லையென்று நிறுத்திவைப்பு

இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐ.எஸ்.பி.எம். 15 (மர பேக்கிங் வழியாகப் பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் சர்வதேச விதி) ஏற்கும் வழக்கமான முறை, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கி முத்திரையிடுவது. அது பூச்சியைக் கொல்ல. மரத்தை உலர்த்த அல்ல. முத்திரை உள்ள பேலட்டிலும் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூடிய கன்டெய்னரில் பூஞ்சை பிடிக்கும். ஈரமானியை மேல்பலகையில் மட்டும் குத்தாதீர்கள். தடித்த கட்டைகளில் குத்துங்கள், ஈரம் தங்குவது அங்கேதான். மழையில் நனைந்த பேலட்டில் ஃபிலிம் சுற்றி மூடினால் ஈரத்தை நீங்களே அடைத்து அனுப்புகிறீர்கள். தென்னை நார்த்தூள் கட்டி போன்ற, தானே ஈரம் இழுக்கும் சரக்குக்கு இது இன்னும் கடுமை. அங்கே காய்ந்த பேலட் தவிர வேறு வழியில்லை.

முத்திரை விஷயத்தில் நழுவும் இடங்கள் இரண்டு. பழுது பார்த்த பேலட்: மாற்றிய ஒவ்வொரு பலகைக்கும் தனி முத்திரை வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரைகளை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி சூடாக்க வேண்டும். இன்னொன்று, கடைசி நேரத்தில் கன்டெய்னருக்குள் முட்டுக்கொடுக்க எடுத்துப் போடும் மரத்துண்டு. விதி அதற்கும் உண்டு. பேலட்டெல்லாம் சரியாக இருந்து, ஒரு முட்டுக்கட்டையால் கன்டெய்னர் நிற்பது நடக்கக்கூடியதே. பிளைவுட் துண்டு போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி 9: அறிவித்த எடையும் துறைமுக எடையும் ஒத்துவரவில்லை

2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் கன்டெய்னர் கப்பலேற முடியாது. கூட்டல் முறையில் கணக்கிடுபவர்கள் சரக்கைச் சேர்த்துவிட்டு பேலட்டை மறந்துவிடுகிறார்கள். 21 பேலட், ஒன்று 25 கிலோ என்றால் 525 கிலோ. நனைந்து 30 ஆகியிருந்தால் 630. கோண அட்டை, முட்டுக்கட்டை, காற்றுப்பை எல்லாம் அதற்குமேல். ஒவ்வொரு புது பேலட் வரத்திலும் ஐந்தை நிறுத்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னரின் காலி எடையைப் பழைய பில்லிலிருந்து எடுக்காமல், ஏற்றப்போகும் கன்டெய்னரின் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்தே எழுதுங்கள். ஒரே அளவு கன்டெய்னர்களுக்குள்ளேயே அது நூற்றுக்கணக்கான கிலோ மாறும்.